வலை, தூரிகை, கமரா: வண்ணத்துப்பூச்சிகளைப் பதிவு செய்தவர்களின் கதை

ரொறன்ரோவில் வசிக்கும் பள்ளித்தோழர் ஒருவர் அண்மையில் எனக்கு ஒரு படத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் அவருடையது. காணி விடுவிக்கப்பட்ட பின்னர் முதன்முதலாக அதைப் பார்த்துவரச் சென்றபோது கைத்தொலைபேசியில் எடுத்த படம். இடிந்த கிணற்றுக்கட்டு, அதைச் சுற்றி ஆளுயரத்துக்குப் பற்றை, கட்டின் விளிம்பில் கறுப்புச் சிறகும் சிவப்பு உடலுமாக ஒரு வண்ணத்துப்பூச்சி. "மச்சான், இதுக்கு என்ன பேர்? நாங்கள் சின்னனிலை கண்டதுதான். பேர்தான் வருகுதில்லை" என்று கீழே எழுதியிருந்தார்.

பெயர் வராததற்கு அவருடைய ஞாபகமறதி காரணமல்ல. எங்கள் ஊரில் அதற்குத் தனிப்பெயர் இருக்கவில்லை. மாம்பழத்திலே கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், விளாட், அம்பலவி, செம்பாட்டான் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த ஊர் அது. மீனிலே ஒட்டியையும் ஓராவையும் விளையையும் கண்ணை மூடிக்கொண்டு மணத்தால் பிரிப்பார்கள். பறக்கும் பூச்சிகளைத் தின்னவும் முடியாது, விற்கவும் முடியாது. ஆகவே அவையெல்லாம் வண்ணத்துப்பூச்சி என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போயின. தொட்டால் கடிக்கும் என்பதால் மசுக்குட்டிக்குப் பெயர் இருந்தது. தீப்பெட்டிக்குள் அடைத்து வைக்கலாம் என்பதால் பொன்வண்டுக்கும், வாலிலே நூல் கட்டிப் பறக்கவிடலாம் என்பதால் தும்பிக்கும் பெயர் இருந்தன. (தும்பி என்பது சங்க இலக்கியத்தில் தேன் உண்ணும் வண்டினத்தைக் குறித்தது. இன்று அது வேறொரு பூச்சிக்கு வாய்த்துவிட்டது. இறையனாரின் தும்பியைத் தேடிக் குளக்கரைக்குப் போகும் மாணவர்களை நான் கண்டிருக்கிறேன்.)

நண்பரின் கிணற்றடியில் இருந்த பூச்சிக்கு ஆங்கிலத்தில் கிரிம்சன் ரோஸ் என்று பெயர். விஞ்ஞானப் பெயரின் இரண்டாம் பாதி ஹெக்டர். 1758 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இதனைப் பெயரிட்டபோது, பெரிய வண்ணத்துப்பூச்சிகளை ரோய் நகரத்து வீரர்கள், கிரேக்க வீரர்கள் என இரண்டு அணிகளாகப் பிரித்தார். மார்பிலே இரத்தச் சிவப்பு உள்ளவை ரோய் அணியில் சேர்ந்தன. தன் நகரைக் காக்க நின்று, அதன் வாசலிலேயே வீழ்ந்த இளவரசனின் பெயர் இந்தப் பூச்சிக்குக் கிடைத்தது இவ்வாறுதான். வலிகாமம் வடக்கின் கிணற்றடி ஒன்றில் இந்தப் பெயரைப் படித்தபோது எனக்கு ஏதோ செய்தது. அதை இங்கே விரிப்பதற்கில்லை.

நண்பருக்குப் பதில் எழுத உட்கார்ந்தவன், எங்கள் தீவின் பூச்சிகளை யார் யார் எப்படிப் பதிவு செய்தார்கள் என்று பழைய குறிப்புகளைப் புரட்டத் தொடங்கினேன். அதன் விளைவே இக்கட்டுரை.

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839 இல். ஏறக்குறைய அடுத்த ஆண்டிலேயே, அக்கலையின் மூலவர்களில் ஒருவரான இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி பொக்ஸ் டல்பொட் பூச்சிச் சிறகுகளைப் படம் பிடித்துவிட்டார். சன்னலுக்கு வெளியே ஒரு கண்ணாடியைப் பொருத்தி, வெயிலை இருட்டறைக்குள் திருப்பி, நுண்ணோக்கியின் ஊடாகச் சிறகின் நிழலைப் பெரிதாக்கி, உப்பும் வெள்ளியும் பூசிய தாளிலே விழுத்தும் முறை அது. மனித முகத்தைவிடப் பூச்சியின் சிறகு படத்தில் எளிதாக விழுந்தது எனலாம். காரணம் எளிது. கழற்றி எடுத்த சிறகு அசையாது. முகம் அசையும்.

உயிருள்ள பூச்சி அசைவது மட்டுமல்ல, பறந்தும் விடும். ஆகவே அதைப் பிடிக்க மேலும் 60 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. டப்ளினில் பிறந்து பாரிஸில் மாரே ஆய்வுகூடத்தில் பணியாற்றிய லூசியன் புல் என்பவர் 1904 ஆம் ஆண்டளவில் மின்பொறிகளை விளக்காக்கி, வினாடிக்கு 1,000 க்கும் மேற்பட்ட படங்களாக ஈயும் தும்பியும் பறப்பதைப் பதிந்தார். பூச்சி தானே பறந்து புறப்படும் கணத்தில் கமராவைத் தொடக்கிவிடும் பொறியையும் அவரே அமைத்தார். மனிதக் கை அவ்வளவு விரைவாக இயங்காது என்பதை அவர் ஒப்புக்கொண்டதில்தான் அவருடைய வெற்றி இருந்தது.

இலங்கையில் நிலைமை வேறு. இங்கே வேலை தூரிகையால் நடந்தது.

1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், வண்ணத்துப்பூச்சிகள் மைல் கணக்கான அகலத்தில் மணிக்கணக்காக, சில வேளைகளில் நாட்கணக்காக, அறுந்துபோகாத ஓட்டமாகக் கடந்து செல்வதைத் தம் நூலில் வருணித்திருக்கிறார். சிங்கள மக்கள் சிவனொளிபாதமலையைச் சமனல கந்த என்றும் வண்ணத்துப்பூச்சியைச் சமனலயா என்றும் அழைப்பார்கள். பூச்சிகள் அந்த மலைக்கு யாத்திரை போய் அங்கே உயிர் துறக்கின்றன என்பது நாட்டார் நம்பிக்கை. மலையின் பெயர் பூச்சியிலிருந்து வந்ததா, அதன் காவல் தெய்வமான சமனிலிருந்து வந்ததா என்ற விவாதத்துக்குள் நான் இறங்கவில்லை. ஆனால், டெனன்டின் வருணனையோடு ஒரு படமும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். 

அந்தக் குறையைப் போக்கியவர்கள் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் இருந்தார்கள். அங்கே ஹர்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன என்ற ஓவியர் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து பல பத்தாண்டுகள் பூக்களையும் செடிகளையும் வரைந்தார். 1792 இல் பிறந்து 1894 இல் மறைந்தவர். ஏறத்தாழ ஒரு முழு நூற்றாண்டைக் கண்ட மனிதர். ஓர் ஓர்க்கிட் வகைக்கு அல்விசியா என்று அவருடைய பெயரைச் சூட்டினார்கள். அவருடைய புதல்வர்களான வில்லியமும் ஜோர்ஜும் தந்தையின் தொழிலைத் தொடர்ந்தார்கள். 1849 முதல் 1880 வரை பூங்காவின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜோர்ஜ் துவெயிற்ஸ், இந்தச் சகோதரர்களைக் கொண்டு வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் வரைவித்தார். செத்து ஊசியில் குத்திய பூச்சியை மாத்திரம் அவர்கள் வரையவில்லை. குடம்பியை இலையோடு கொண்டுவந்து வளர்த்து, அது கூட்டுப்புழுவாகி, சிறகு விரித்து வெளிவரும் வரை உயிரோடு பார்த்து வரைந்தார்கள். மசுக்குட்டியின் நிறம் அது செத்த சில நாட்களில் மங்கிவிடும் என்பதால், உயிருள்ளபோது பிடிக்கப்பட்ட அந்த நிறத்துக்கு மதிப்பு அதிகம். புகைப்படக்காரன் செய்யவேண்டிய வேலையை அவர்கள் கண்ணாலும் கையாலும் செய்தார்கள் என்றே சொல்வேன். அக்காலத்துக் கமராவுக்கு நிறம் தெரியாது என்பதை மறந்துவிடக்கூடாது.

இந்த ஓவியங்கள் இலண்டனுக்குச் சென்றன. அங்கே பிரெடெரிக் மூர் என்பவர் இலங்கை அரசாங்கத்தின் ஆதரவோடு 1880 முதல் 1887 வரை மூன்று பெருந்தொகுதிகளாக இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் பற்றிய நூலை வெளியிட்டார். 200 க்கும் மேற்பட்ட வண்ணத்தகடுகள். ஒவ்வொரு பிரதிக்கும் கையால் நிறம் தீட்டப்பட்டது. எங்கள் தீவின் மிகப் பெரிய அந்துப்பூச்சிக்கு, சிறகு விரித்தால் ஒரு சாணையும் தாண்டும் பூச்சிக்கு, பழைய தப்ரபேன் என்ற பெயரைச் சேர்த்து 1882 இல் பெயரிட்டவரும் இதே மூர்தான். அந்தப் பூச்சிக்கு உண்பதற்கு வாய் கிடையாது. குடம்பியாக இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டு சில நாட்கள் வாழ்ந்து, முட்டையிட்டுவிட்டு மடிகிறது.

இந்த நூல் வெளிவந்த ஆண்டுகளைச் சற்றுக் கவனியுங்கள். 1869 இல் கோப்பி இலைகளில் தோன்றிய பூஞ்சண நோய் மலையகத்தின் கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. 1884 இல் ஒறியன்டல் வங்கி முறிந்தது. தமிழகத்திலிருந்து மன்னார்ப் பாதை வழியே நடந்து வந்த தோட்டத் தொழிலாளர் வேலையும் கூலியும் இன்றித் தவித்தனர். அதே ஆண்டுகளில் வண்ணத்துப்பூச்சிப் புத்தகத்துக்கு அரசாங்கப் பணம் கிடைத்தது. இதைக் கண்டனமாகச் சொல்வதா, வியப்பாகச் சொல்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்தப் பணம் கிடைத்திராவிட்டால் டி அல்விஸ் சகோதரர்களின் உழைப்பு பேராதனையின் ஈரலிப்பில் பூஞ்சணம் பிடித்துப் போயிருக்கும். நூலின் முதுகிலே மூரின் பெயர் இருக்கிறது. வரைந்தவர்களின் பெயரை உள்ளே தேடவேண்டும்.

இதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. நான் பத்திரிகையில் சேர்ந்த காலத்தில் படம் எடுத்தவரின் பெயரைப் போடும் வழக்கம் எங்களிடம் இருக்கவில்லை. அமைச்சரின் பெயர் மூன்று தடவை வரும். அமைச்சரை வெயிலில் ஓடி ஓடிப் படம் பிடித்தவரின் பெயர் ஒரு தடவையும் வராது.

இருபதாம் நூற்றாண்டில் வலை பிடித்தவர்களில் முக்கியமானவர் நில அளவையாளர் நாயகமாக இருந்த எல். ஜி. ஓ. வூட்ஹவுஸ். தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து கொழும்பு நூதனசாலையில் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி என்ற ஓவியருடன் சேர்ந்து அவர் 1942 இல் இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய நூலை வெளியிட்டார். நிலம் அளப்பவன் காடு மேடெல்லாம் அலையவேண்டியவன். அளவைச் சங்கிலியோடு வலையையும் கொண்டுபோனால் இரண்டு வேலையும் நடக்கும். பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேல் இதுவே கைநூலாக விளங்கியது.

அக்காலத்துச் சேகரிப்பாளரின் பையிலே வலையோடு ஒரு போத்தலும் இருக்கும். அடியிலே பொட்டாசியம் சயனைட்டை இட்டு, மேலே சாந்து பூசி இறுக்கிய போத்தல். பிடித்த பூச்சியை அதற்குள் விட்டு மூடினால் சிறகு சேதமாகாமல் சில நிமிடங்களில் அடங்கிவிடும். பழைய கைநூல்களில் இதன் செய்முறை சமையற் குறிப்புப் போல அமைதியாக எழுதப்பட்டிருக்கும். சயனைட் என்ற சொல் எங்கள் தலைமுறைத் தமிழரின் காதிலே வேறுவிதமாக விழும். அந்தப் பக்கத்தை நான் எப்போதும் விரைவாகவே புரட்டுவேன்.

வலைக்குப் பதிலாகக் கமராவை எடுப்பது அவ்வளவு இலகுவாக நடந்துவிடவில்லை. முதலில் நிறம் வேண்டும். 1935 இல் வந்த கொடாக்குரோம் பிலிம் அதைக் கொடுத்தது. ஆனால் அதைக் கழுவும் வித்தை சில ஆய்வுகூடங்களுக்கே தெரியும். எங்கள் நாட்டிலிருந்து எடுப்பவர் பிலிமைத் தபாலில் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்காகக் காத்திருப்பார். திரும்பி வரும்போது 36 இல் 30 படங்கள் மங்கலாக இருக்கும். பூச்சி அதற்குள் செத்துப்போயிருக்கும், பருவமும் முடிந்திருக்கும், திரும்ப எடுக்க வழியில்லை. (அந்தப் பிலிமின் உற்பத்தி 2009 இல் நின்றது. அதைக் கழுவிக்கொடுத்த கடைசி ஆய்வுகூடமும் 2010 இன் இறுதியில் அந்த வேலையை நிறுத்தியது.) அடுத்த சிக்கல் நெருக்கம். ஒரு பொருளை நெருங்க நெருங்க, தெளிவாக விழும் ஆழம் குறுகிக்கொண்டே போகும். தலை தெளிந்தால் சிறகின் நுனி கலங்கும். துவாரத்தைச் சுருக்கினால் ஆழம் கூடும், வெளிச்சம் போதாது. வெளிச்சத்துக்குப் பிளாஷ் வேண்டும். பிளாஷுக்குப் பற்றரி வேண்டும்.

1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பிலிம் கிடைப்பதே அரிது. அலுவலகத்தில் ஒரு சுருளை வெட்டிப் பங்கிட்டுத் தருவார்கள். அப்படிக் கிடைத்த துண்டிலே எஞ்சிய இரண்டு மூன்று படங்களைத்தான் நான் பூச்சிகளுக்குச் செலவிட்டேன். பழைய பென்டக்ஸ் கமராவின் 50 மில்லிமீற்றர் வில்லையைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினால் அது உருப்பெருக்கியாக மாறிவிடும். இதை எனக்குக் கற்றுத்தந்தவர் கொழும்பில் ஸ்ரூடியோ வைத்திருந்த ஒரு பெரியவர். முதன்முதலில் நான் எடுத்தது அலரி இலையின் அடியில் தொங்கிய கூட்டுப்புழு ஒன்றை. எங்கள் வீட்டு முற்றத்து அலரியில் வெள்ளிப் பூச்சுப் பூசியது போல மின்னும் கூட்டுப்புழுக்கள் தொங்கும். கரும்பழுப்பு நிறமான ஒரு சாதாரண வண்ணத்துப்பூச்சிதான் அதிலிருந்து வரும். கூடு அவ்வளவு ஆடம்பரம், உள்ளிருப்பவர் அவ்வளவு எளிமை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அதன் பளபளப்பிலே எங்கள் வீட்டுக் கூரையும், கமராவைப் பிடித்துக் குனிந்திருக்கும் நானும் சிறு புள்ளியாகத் தெரிந்தோம். அந்தப் படத்தை வாரப்பதிப்பில் போடும்படி ஆசிரியரிடம் கொடுத்தேன். "பூச்சிக்கெல்லாம் புளொக் செலவோ?" என்று கேட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து அவரே போட்டார். நாகத் தகட்டில் புள்ளி புள்ளியாக மாற்றிப் பத்திரிகைத் தாளிலே அச்சானபோது வெள்ளிக் கூடு ஒரு கறுத்தக் கறையாக வந்தது. அது புளியங்கொட்டையா என்று ஒரு வாசகர் கடிதம் எழுதினார்.

பின்னர் போர் வந்தது. 1990 களில் வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் எரிபொருளும் யூரியாவும் அடங்கின. யாழ்ப்பாணத்தவர் ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டுத் திரியேற்றி விளக்கெரித்தார்கள். பற்றரி இல்லாத இடத்தில் பிளாஷ் ஏது? கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வயல்வெளியில் குனிந்து எதையோ தேடும் மனிதனை எந்தத் தரப்புக் காவலரணும் பூச்சி பார்ப்பவன் என்று நம்பப்போவதில்லை. ஆய்வாளர்களும் வரவில்லை. 1983 முதல் 2009 வரையான காலத்தில் தெற்கிலும் மலையகத்திலும் பூச்சிகள் எண்ணப்பட்டன, வரையப்பட்டன, படமெடுக்கப்பட்டன. வடக்கின் பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. அக்காலத்தில் வன்னியிலும் தீவகத்திலும் என்ன பறந்தது, எது குறைந்தது, எது பெருகியது என்பதற்கு மக்களின் ஞாபகத்தைத் தவிர வேறு சாட்சி அநேகமாக இல்லை.

2002 ஏப்ரிலில் ஏ-9 பாதை திறக்கப்பட்டபோது நானும் போனேன். அப்போது என்னிடம் நிக்கோன் கூல்பிக்ஸ் வகைச் சிறிய டிஜிற்றல் கமரா இருந்தது. பத்திரிகைக்காரர் பலர் அதை விளையாட்டுப் பொருளாகவே கருதினர். ஆனால் இரண்டு சென்ரிமீற்றர் வரை நெருங்கிப் படம் எடுக்கும் வல்லமை அதற்கு உண்டு. பூச்சி பார்ப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். பிலிம் கவலை இல்லை, தபால் கவலை இல்லை, எடுத்தவுடனே பார்க்கலாம். முகமாலைக்கும் பளைக்கும் இடையே தலையிழந்த பனைகள் வரிசையாக நின்றன. வாகனம் ஓரிடத்தில் நின்றபோது இறங்கினேன். தெருவோரத்து எருக்கலையிலும் நாயுண்ணிப் பற்றையிலும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக மொய்த்துக்கொண்டிருந்தன. எருக்கலை இலையைத் தின்று வளர்பவை அவை. மனிதன் இல்லாத 10 ஆண்டுகளில் எருக்கலை தாராளமாகப் பரவியிருந்தது. எனக்கும் அந்தப் பற்றைக்கும் இடையே மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை ஒன்று. மிதிவெடி.

கமராவுக்கு இரண்டு சென்ரிமீற்றர் வேண்டும். எனக்குத் தார்த்தெருவின் விளிம்புக்கு அப்பால் ஓர் அடி வைக்க அனுமதி இல்லை. ஒரு பூச்சி பலகையிலேயே வந்து அமர்ந்து சிறகை விரித்து வெயில் காய்ந்தது. அதையும் நெருங்க முடியவில்லை. நின்ற இடத்திலிருந்து எடுத்தேன். பலகை தெளிவாக விழுந்தது, பூச்சி செம்மஞ்சள் பொட்டாக விழுந்தது. பல ஆண்டுகளாக என் மேசையில் இருப்பது அந்தப் படந்தான்.

பூச்சிகளைப் படம் எடுக்க விரும்பும் இளையவர்கள் அடிக்கடி வழி கேட்பார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவே. காலை வெயில் ஏறமுன் போகவேண்டும். வண்ணத்துப்பூச்சிக்கு உடற்சூடு வெளியிலிருந்து வரவேண்டும் என்பதால், அந்நேரத்தில் அது சிறகை விரித்து அசையாமல் இருக்கும். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது, விழுந்தால் பறந்துவிடும். மேலிருந்து குனியாமல், முழங்காலிட்டு அதன் மட்டத்துக்கு இறங்குங்கள். சிறகின் பரப்பும் கமராவின் பின்புறமும் சமாந்தரமாக இருந்தால் முழுச்சிறகும் தெளியும். மழை விட்ட மறுநாள் ஈரமண்ணில் உப்பு உறிஞ்சக் கூட்டமாக இருப்பவை பெரும்பாலும் ஆண்கள், அவை உங்களைச் சட்டை செய்யமாட்டா. குளிரூட்டிப் பெட்டியில் வைத்து விறைக்கவைத்து எடுக்கும் ஒரு தந்திரம் உண்டு. அப்படி எடுத்த படத்தை என்னிடம் காட்டவேண்டாம்.

நூல்களும் மாறின. அவுஸ்திரேலியரான பேர்னாட் டி அப்ரேரா 1998 இல் வெளியிட்ட இலங்கை வண்ணத்துப்பூச்சி நூல் வரையில், ஊசியில் குத்திய மாதிரிகளின் படமே மரபாக இருந்தது. 2016 இல் மைக்கல், நான்சி வான் டர் பூர்ட்டன் தம்பதியர் வெளியிட்ட பெருநூலில் உயிருள்ள பூச்சிகள் செடிகளோடும் குடம்பிகளோடும் தோன்றின. டி அல்விஸ் சகோதரர்கள் 140 ஆண்டுகளுக்கு முன் தூரிகையால் செய்ததற்குக் கமரா சுற்றிவளைத்துத் திரும்பி வந்திருக்கிறது. இதற்கிடையில் சட்டமும் மாறியது. 1937 ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கு 2009 இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் பல வண்ணத்துப்பூச்சி இனங்களையும் பாதுகாக்கப்பட்டவற்றில் சேர்த்தது. நினைத்தபடி வலையோடு இறங்கும் காலம் முடிந்தது.

கமரா ஒரு பழைய பொய்யையும் அண்மையில் கலைத்திருக்கிறது. விளக்கிலே விழும் விட்டிலை எங்கள் புலவர்கள் எத்தனை விதமாகப் பாடியிருக்கிறார்கள்! ஆசையால் அழிபவனுக்கு அதைவிட வாய்ப்பான உவமை இல்லை. சாமுவேல் பேபியன், யாஷ் சோந்தி முதலிய ஆய்வாளர்கள் அதிவேகக் கமராக்களைக் கொண்டு இதை ஆராய்ந்து, 2024 ஜனவரியில் நேச்சர் கொமியூனிகேஷன்ஸ் இதழில் முடிவை வெளியிட்டனர். பூச்சி விளக்கை நாடிப் போவதில்லை. இரவில் வானம் நிலத்தைவிட வெளிச்சமானது. பறக்கும் பூச்சி வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைத் திருப்பி, அதுவே மேல் என்று கொண்டு சமநிலை பேணுகிறது. விளக்கருகே வந்ததும் முதுகு விளக்கின் பக்கம் சாய்கிறது, அதனால் சுற்றிச் சுற்றி வருகிறது. விளக்குக்கு நேர் மேலே வந்தால் தலைகீழாகப் புரண்டு விழுகிறது. அதற்கு ஆசையும் இல்லை, மயக்கமும் இல்லை. வானம் எந்தப் பக்கம் என்பதைத் தவறவிட்டுவிட்டது, அவ்வளவுதான். இந்த விதிக்கு உட்படாமல் பறந்தவற்றில் ஒன்று, அலரி இலை தின்று வளரும் பச்சை நிறப் பருந்து அந்துப்பூச்சி என்று அவர்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது, எங்கள் முற்றத்து அலரியை நினைத்துக்கொண்டேன். ஜாம் போத்தல் விளக்கடியில் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளின் கொப்பிகளில் காலையில் கிடந்த சிறகுகளையும் நினைத்துக்கொண்டேன்.

நண்பருக்கு இவ்வளவையும் எழுதவில்லை. பூச்சியின் பெயரை எழுதினேன். அது ஆடுதின்னாப்பாளை என்ற செடியில் முட்டையிடும், அதன் குடம்பி அந்தச் செடியின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால் குருவிகள் அதைத் தொடுவதில்லை, அந்தச் சிவப்பு அதற்கான அறிவித்தல் என்று எழுதினேன். நஞ்சே இல்லாத வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண் இதைப்போல வேடமிட்டுத் தப்பிக்கும் என்பதையும் சேர்த்தேன். படத்தைத் திகதியோடும் இடத்தோடும் ஐநாட்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்படியும், கிணற்றடியில் அந்தச் செடி நிற்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்பும்படியும் கேட்டேன். 1990 க்குப் பிறகு அந்தக் காணியில் என்ன வாழ்ந்தது என்பதற்கு எழுத்திலே இருக்கப்போகும் முதலாவது சாட்சி அதுவாக இருக்கக்கூடும் என்றும் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. "மச்சான், வாங்கிற ஆக்களுக்குக் காட்ட வேணுமெண்டு காணியைத் துப்புரவாக்கக் குடுத்திட்டன். நீ சொன்ன பூண்டு நிண்டதோ தெரியேல்லை. ஜேசிபி விட்டவங்கள்" என்று எழுதி, இன்னொரு படத்தையும் இணைத்திருந்தார். சிவந்த மண், புதிதாக அடித்த கம்பிவேலி, நடுவிலே கிணறு. கட்டைப் பூசிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். இரண்டு படங்களையும் திகதியிட்டு ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன்.